சோர்ந்து நிற்கும் மாடு: முதலில் தீவனத் தொட்டியைப் பாருங்கள்

மாடு தீனி எடுக்காமல், காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கூட்டத்தை விட்டு ஒதுங்கி நின்றால் "கண் பட்டுவிட்டது" என்று சொல்லித் திருஷ்டி கழிப்பது நம் கிராமங்களில் இன்றும் உண்டு. மாட்டு மருத்துவரோ வேறொரு கேள்வி கேட்பார்: "நேற்று என்ன தின்றது?" சோர்வுக்கும் தீனிக்கும் உள்ள தொடர்பை அனுபவசாலிகள் வெகு காலமாகவே அறிவார்கள். அந்தத் தொடர்பு எவ்வழியாக ஏற்படுகிறது என்பதை அண்மைக்கால ஆராய்ச்சிகள் தெளிவுபடுத்தி வருகின்றன. வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மூளையின் நிலையைக்கூட மாற்ற வல்லவை என்பது அவற்றின் சாரம். கறவை மாடும் வெள்ளாடும் வளர்ப்போர் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். தெரியாமல் போனால் ஒரே இரவில் ஒரு மாட்டை இழக்க நேரிடலாம்.

மீந்த சோறு எனும் ஆபத்து

செங்கற்பட்டு மாவட்டத்தில் கோவளம் தொடங்கி கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகத் தாம்பரம் வரையிலான பகுதியில் மேய்ச்சல் நிலம் வெகுவாகக் குறைந்துவிட்டது. வயல்களும் தரிசுகளும் மனைகளாகிவிட்டன. ஆனால் மாடுகளும் ஆடுகளும் இன்னும் இருக்கின்றன. அவை எதைத் தின்பது? கடற்கரைச் சாலையில் உணவு விடுதிகள் உள்ளன. ஊருக்கு ஊர் கல்யாண மண்டபங்கள் உள்ளன. பந்தி முடிந்ததும் மீந்த சோறும், சாம்பார் சாதமும், எச்சில் இலைகளும் குவிகின்றன. வீணாகப் போவதை மாட்டுக்குக் கொடுத்தால் என்ன என்று நினைப்பது இயல்பே.

மாட்டுப் பொங்கலன்று நடப்பதும் இதுவே. ஆண்டு முழுவதும் வைக்கோலும் தவிடும் தின்ற மாட்டுக்கு அன்றைக்கு அன்பின் மிகுதியால் பானை பானையாகப் பொங்கல் ஊட்டுவார்கள். மறுநாள் மாடு அசை போடாமல் படுத்துவிட்டால் காரணம் புரியாமல் திகைப்பார்கள். பழகாத மாடு சோறு, கஞ்சி, அரிசி, மாவு போன்றவற்றை ஒரே வேளையில் மிகுதியாகத் தின்றால் வருவது வயிற்று அமில நோய். வெறும் செரியாமை என்று இதை அலட்சியம் செய்யக் கூடாது.

மாட்டுக்குள் ஒரு மந்தை

மாடு, ஆடு, எருமை ஆகியவற்றின் முதல் இரைப்பையைப் பெருவயிறு என்கிறோம். பெரிய மாட்டில் இது 100 லிட்டருக்கு மேலும் கொள்ளும். ஆனால் இந்தப் பெருவயிறு தானாக எதையும் செரிப்பதில்லை. அதில் வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே செரிமான வேலையைச் செய்கின்றன. பெருவயிற்று நீர் ஒரு மில்லி லிட்டரில் ஆயிரம் கோடி அளவுக்குப் பாக்டீரியாக்கள் உள்ளன. ஓரணு உயிர்களும் பூஞ்சைகளும் இவற்றுக்கு மேல்.

வைக்கோலில் உள்ள நார்ச்சத்தை உடைக்கும் ஆற்றல் மாட்டின் உடலுக்குக் கிடையாது. நுண்ணுயிர்கள் அதை நொதிக்க வைத்து, அசெட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் எனும் எளிதில் ஆவியாகும் அமிலங்களாக மாற்றித் தருகின்றன. மாட்டுக்குத் தேவையான எரிசக்தியில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் இந்த அமிலங்களிலிருந்தே கிடைக்கிறது. பாலிலுள்ள கொழுப்பும் பெருமளவு இதிலிருந்து உருவாவதே. மூளைக்கும் நரம்புக்கும் தேவையான பி1 உள்ளிட்ட பி வகை வைட்டமின்களையும் இதே நுண்ணுயிர்கள் தயாரிக்கின்றன. நாம் தொழுவத்தில் வளர்ப்பது ஒரு மாடு என்றால், மாடு தன் வயிற்றில் வளர்ப்பது ஒரு பெரிய மந்தை. நாம் போடும் தீனி முதலில் அந்த மந்தைக்கே போய்ச் சேருகிறது.

இந்த மந்தையில் பல சாதி உண்டு. நாரைத் தின்பவை சில. மாவுச்சத்தைத் தின்பவை சில. எந்தத் தீனி வழக்கமாக வருகிறதோ அதற்கேற்ற சாதி பெருகியிருக்கும். தீனி மாறினால் மந்தையும் மாற வேண்டும். அதற்கு இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கும். ஒரே நாளில் மாறச் சொன்னால் அதனால் இயலாது.

அமிலம் எப்படி உண்டாகிறது?

பெருவயிற்றின் அமில-காரத் தன்மை சாதாரணமாக 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும். வெந்த சோற்றின் மாவுச்சத்து மிக விரைவில் நொதிக்கக் கூடியது. அது திடீரென மிகுதியாக வந்ததும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்ற பாக்டீரியா மட்டும் கட்டுக்கடங்காமல் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகிறது. அமில-கார அளவு 5.5-க்கும் கீழே இறங்குகிறது. நார் தின்னும் பாக்டீரியாக்களும் ஓரணு உயிர்களும் மடிகின்றன. 5-க்கும் கீழே போனால், அமிலத்தைத் தாங்கும் லாக்டோபாசில்லஸ் வகைகள் ஆட்சிக்கு வந்து மேலும் அமிலத்தைப் பெருக்குகின்றன.

பெருவயிற்றின் அசைவு நின்றுவிடுகிறது. செறிவு மிகுந்த அந்தக் கூழ் ரத்தத்திலிருந்து நீரை வயிற்றுக்குள் இழுக்கிறது. இடப்பக்க வயிற்றைக் கையால் அழுத்தினால் தண்ணீர் நிறைந்த தோல் பை போலத் தளும்பும். ஆனால் உடலோ வறண்டு, கண் குழி விழுந்திருக்கும். சாணம் கூழாகி, புளித்த வாடையுடன் போகும். மாடு தள்ளாடும், பிறகு படுத்துவிடும். கடுமையான நோயில் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். வெள்ளாட்டுக்கும் செம்மறி ஆட்டுக்கும் உடல் சிறிது; எனவே அவற்றுக்கு ஆபத்து இன்னும் விரைவில் வரும்.

சோர்வு மூளைக்கு எப்படி ஏறுகிறது?

லாக்டிக் அமிலத்தில் எல், டி என இரு வகை உண்டு. உழைக்கும்போது தசையில் உண்டாவது எல் வகை. உடல் அதை எளிதில் எரித்துவிடும். டி வகையைப் பெரும்பாலும் பாக்டீரியாக்களே உண்டாக்குகின்றன. உடலால் அதை மெதுவாகத்தான் அப்புறப்படுத்த முடியும். ஆகவே அது ரத்தத்தில் தேங்குகிறது.

கனடாவில் சஸ்கெச்சுவான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கன்றுகளைக் கொண்டு நடத்திய ஒரு சோதனை 2007-இல் வெளியாயிற்று. நலமாக இருந்த கன்றுகளின் ரத்தத்தில் வெவ்வேறு அமிலங்களைத் தனித்தனியே செலுத்திப் பார்த்தார்கள். வெறும் அமிலத்தாலோ எல் வகையாலோ கன்றுகள் தள்ளாடவில்லை. டி வகை கலந்தபோதுதான் நடை தடுமாறி, சுறுசுறுப்பு குன்றியது. இதிலிருந்து, கன்றை மந்தமாக்குவது அமிலத்தன்மை மட்டுமன்று, பாக்டீரியா உண்டாக்கும் டி-லாக்டிக் அமிலமே மூளையைப் பாதிக்கிறது என்பது விளங்கியது.

கழிச்சல் கண்ட கன்றுகளிலும் இதுவே நிகழ்கிறது. செரிக்காத பால் குடலில் நொதித்து டி-லாக்டிக் அமிலமாகிறது. உப்புக் கரைசல் கொடுத்தும் கன்று பால் குடிக்க எழாமல் கிடந்தால், மருத்துவர் சோடா பைகார்பனேட்டை ரத்தக் குழாய் வழியே செலுத்துவது இதனால்தான். சரியான நேரத்தில் கொடுத்தால், செத்தது போல் கிடந்த கன்று எழுந்து நிற்பதைக் காணலாம்.

மற்றொரு வழியும் உண்டு. பெருவயிற்றின் நிலை கெட்டால் பி1 வைட்டமினைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் பெருகலாம். அப்போது மூளை பி1 இன்றி வீங்குகிறது. ஆடு வானத்தைப் பார்த்தபடி நிற்பதும், சுவரில் தலையை முட்டுவதும், கண் தெரியாமல் சுற்றிச் சுற்றி வருவதும் இதன் அறிகுறிகள். இதைப் பேய் பிடித்ததாகவும் வெறிநாய்க் கடியாகவும் எண்ணிக் கைவிடுவோர் உண்டு. தொடக்கத்திலேயே பி1 ஊசி போட்டால் பிழைக்கும் ஆடுகள் பல. ஆனால் வெறிநோய்க்கும் இத்தகைய குறிகள் இருக்கலாம். ஆகவே வாய்க்குள் கையை விடாமல் மருத்துவரை அழைப்பதே முறை.

எலிகளும் காடைகளும் சொல்வது

நோயற்ற நிலையிலும் வயிற்று நுண்ணுயிர்கள் நடத்தையை மாற்றுமா? இக்கேள்விக்கு ஆய்வுக்கூடங்களில் விடை தேடி வருகிறார்கள். ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரே இல்லாத கூண்டுகளில் சுண்டெலிகளை வளர்த்தனர். அடைத்து வைத்து மிரட்டியபோது, இவற்றின் உடலில் பதற்றச் சுரப்புகள் சாதாரண எலிகளைவிட மிகுதியாகச் சுரந்தன. பைபிடோபாக்டீரியம் என்ற நல்ல பாக்டீரியாவைக் கொடுத்ததும் அது சீரடைந்தது. சாதாரண எலிகளின் குடல் நுண்ணுயிர்களைக் கொடுத்தபோதோ, இளம் வயதில் கொடுத்தால்தான் ஓரளவு பலன் இருந்தது. வளர்ந்த பின் இல்லை. இது 2004-இல் வெளியானது.

2011-இல் அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள், தயிரில் காணப்படும் லாக்டோபாசில்லஸ் இனத்தைச் சேர்ந்த ஒரு வகையைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தனர். நீரில் விட்டபோது அவை எளிதில் மனம் தளர்ந்து மிதக்காமல் நீந்தப் பார்த்தன. வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பை அறுத்த எலிகளில் இந்தப் பலன் தோன்றவில்லை. செய்தி நரம்பு வழியாகவும் போகிறது என்பதற்கு இது சான்று. 2016-இல் அதே நகர ஆய்வாளர்கள், மனச்சோர்வு நோயாளிகளின் குடல் நுண்ணுயிர்களை எலிகளுக்குக் கொடுத்தபோது அவையும் உற்சாகம் குன்றிப் பதற்றம் காட்டின.

கோழி இனத்திலும் இத்தகைய ஆய்வு நடந்துள்ளது. நம் பண்ணையாளர்களுக்கு நன்கு பழக்கமான ஜப்பானியக் காடைகளைப் பிரான்ஸ் நாட்டில் நுண்ணுயிர் இன்றி வளர்த்து, மற்றவற்றோடு ஒப்பிட்டார்கள். 2018-இல் வெளியான அந்த ஆய்வின்படி, நுண்ணுயிர் இல்லாத காடைகள் தனிமைக்கும் புதிய பொருளுக்கும் குறைவாகவே மிரண்டன. இங்கே முடிவு எலிகளில் கண்டதற்கு நேர் எதிரானது போலத் தோன்றும். இனத்துக்கு இனம் பலன் மாறும் என்பதையே இது காட்டுகிறது.

ஆகவே இதில் நிதானம் தேவை. எலிகளுக்குப் பலன் தந்த அதே லாக்டோபாசில்லஸை நலமுள்ள மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. மனிதருக்கு வரும் மனச்சோர்வு வேறு; மாடு சோர்ந்து நிற்பது வேறு. மனச்சோர்வு உள்ளவர் அதற்குரிய மருத்துவரைப் பார்க்க வேண்டும். தயிர் சாப்பிட்டால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. கால்நடைகளைப் பொறுத்தவரை, வயிற்றின் நிலை உடலின் நிலையையும் மூளையின் நிலையையும் சேர்த்தே பாதிக்கிறது என்பதில் ஐயமில்லை.

ஒரே தழை, ஒன்றுக்கு உணவு, ஒன்றுக்கு நஞ்சு

நுண்ணுயிர்களின் சக்திக்கு நல்ல எடுத்துக்காட்டு சவுண்டல் எனப்படும் சூபாபுல் மரம். இதன் தழை புரதம் நிறைந்த தீவனம். ஆனால் அதில் மைமோசின் என்ற நச்சு உண்டு. பெருவயிற்றில் அது மாறி உண்டாகும் பொருள் தைராய்டு சுரப்பியைத் தாக்குகிறது. ஆஸ்திரேலியாவில் இத்தழையை மிகுதியாகத் தின்ற மாடுகளுக்கு முடி உதிர்ந்து, கழுத்துச் சுரப்பி வீங்கி, தீனி குறைந்து, எடையும் இறங்கியது. ஹவாய்த் தீவின் ஆடுகளோ அதே தழையைத் தின்று நலமாக இருந்தன.

ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ் இதற்குக் காரணம் தேடினார். அந்த ஆடுகளின் பெருவயிற்றில் நச்சை முறிக்கும் பாக்டீரியா இருந்தது. 1980-களில் ஹவாய் ஆடுகளின் பெருவயிற்று நீரைக் கொண்டுபோய் ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்கு ஊட்டியதும் அவையும் தழையைத் தாங்கின. 1992-இல் அந்தப் பாக்டீரியாவுக்கு அவர் பெயரையே சேர்த்து சினெர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று பெயரிட்டார்கள். ஆயினும் பழகாத ஆடு மாடுகளுக்குச் சூபாபுல் தழையைச் சிறுகச் சிறுகப் பழக்கி, பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் கொடுப்பதே நல்லது.

தெரியாமல் வரும் நட்டம்

அமில நோய் எப்போதும் மாட்டைச் சாய்த்துவிடும் என்பதில்லை. தினமும் அடர்தீவனம் அதிகமாகவும் நார்த்தீவனம் குறைவாகவும் பெறும் கறவை மாட்டில், அமிலம் நாள்தோறும் சில மணி நேரம் ஏறி இறங்கும். மாடு ஒரு நாள் நன்றாகத் தின்னும், மறுநாள் ஒதுக்கும். சாணம் இளகும். அசை போடுவது குறையும். நாளடைவில் குளம்பு கெட்டு நொண்டும். இவற்றுக்கெல்லாம் முன்பாகப் பாலில் கொழுப்பு குறையும். கொழுப்பைக் கணக்கிட்டு விலை தரும் சங்கத்தில் ஊற்றுபவருக்கு இதன் நட்டம் நேராகக் கையில் தெரியும். பால் அளவு குறையாமலே கொழுப்பு இறங்கினால் அடர்தீவனத்தை மேலும் கூட்டாமல், நார்த்தீவனம் போதுமா என்று பாருங்கள்.

செய்ய வேண்டியவை

1. எந்தத் தீவனத்தையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி, 10 முதல் 14 நாட்களில் மாற்றுங்கள்.

2. கறவை மாட்டுக்கு உடல் பராமரிப்புக்காக 1.5 முதல் 2 கிலோ அடர்தீவனமும், ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோவும் என்பது பொதுக் கணக்கு. இதை ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

3. அடர்தீவனத்துக்கு முன் சிறிது வைக்கோலோ சோளத்தட்டையோ போடுங்கள். நார் மென்றால் உமிழ்நீர் சுரக்கும். உமிழ்நீரில் இயற்கையாகவே சோடா உப்பு உள்ளது. அமிலத்தை அடக்கும் முதல் மருந்து அதுவே.

4. மீந்த சோற்றைக் குவியலாக வைக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமானால் புளிக்காததாக, கைப்பிடி அளவில், வைக்கோலுடன் கலந்து கொடுங்கள். பிளாஸ்டிக் பை கலந்த எச்சிலை அறவே ஒதுக்குங்கள்.

5. மாட்டுப் பொங்கலன்று ஒரு வாய்ப் பொங்கல் போதும். மீதி அன்பைப் பசும்புல்லாகக் கொடுங்கள்.

6. அரிசி, மாவு, தீவன மூட்டைகளை மாடு அவிழ்த்துக்கொண்டால் எட்டாத இடத்தில் வையுங்கள்.

7. கன்று பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டுங்கள். பிறகு ஒரு நாளைக்குக் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு பால், வேளை தவறாமல், சுத்தமான பாத்திரத்தில் கொடுங்கள்.

நோய் கண்டால்

மாடு அதிகமாகச் சோறோ அரிசியோ தின்றுவிட்டது தெரிந்தால், நோய்க் குறி தோன்றும்வரை காத்திருக்க வேண்டாம். மிச்சத்தை உடனே அப்புறப்படுத்துங்கள். வைக்கோலை மட்டும் போடுங்கள். நடக்க முடிந்த மாட்டை மெல்ல நடத்துங்கள். எப்போது, எதை, எவ்வளவு தின்றது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற இலவச எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். சமையல் சோடாவை எவ்வளவு கரைத்துக் கொடுப்பது என்பது மாட்டின் எடையையும் நோயின் கடுமையையும் பொறுத்தது. மருத்துவரிடம் கேட்டே கொடுங்கள். படுத்துவிட்ட மாட்டின் வாயில் எண்ணெயோ கஷாயமோ ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும்.

அமிலத்தை அடக்கி, ரத்தத்தில் நீர் ஏற்றிய பிறகும் சில மாடுகள் தீனி எடுக்கமாட்டா. பெருவயிற்று மந்தை அழிந்து போனதே காரணம். அப்போது நலமுள்ள மாட்டின் பெருவயிற்று நீரை எடுத்து நோயுற்ற மாட்டுக்கு மருத்துவர் ஊட்டுவார். நல்ல மாட்டின் அசையை எடுத்து நோயுற்ற மாட்டுக்குத் தரும் வழக்கம் ஐரோப்பியக் குடியானவர்களிடம் வெகு காலமாகவே இருந்தது. இன்று மனிதரிலும் சில குடல் நோய்களுக்கு, நலமுள்ளவரின் குடல் நுண்ணுயிர்களைக் கொடுத்துச் சிகிச்சை செய்கிறார்கள்.

கோவளம், திருப்போரூர், தாம்பரம் பகுதி விவசாயிகள் தீவன முறை குறித்த ஆலோசனைக்கும் பயிற்சிக்கும் காட்டுப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தையும், அங்குள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். வீட்டருகே நான்கு சென்ட் நிலம் இருந்தாலும் அதில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும் வேலிமசாலும் போட்டால், எச்சில் இலைக்குக் கையேந்தும் நிலை பெருமளவு குறையும். திருஷ்டி கழிக்க விரும்புவோர் கழிக்கட்டும். அதற்கு முன் ஒரு முறை தீவனத் தொட்டியை எட்டிப் பார்த்துவிட வேண்டும்.